ராக்கு கை நனைப்பாரா?

1

இந்தக் கதை ஒரு போட்டோவிலிருந்து வந்தது. வாரப் பத்திரிகை ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒரு மலையாறு, முழங்கால் தண்ணீரில் ஒரு வெளியூர்க்காரர், பக்கத்தில் வழிகாட்டி. இறகு கட்டிய தூண்டிலில் ட்ரவுட் மீன் பிடிக்கிறார்கள், பிடித்ததும் விட்டுவிடுகிறார்கள். "நாலு பருவமும் வர்ற மாதிரி ஒரு கதை எழுதுங்க" என்றார்.

எனக்கு மலை ஆகாது. கொடைக்கானல் பஸ்ஸிலேயே வாந்தி. ட்ரவுட்டை நான் சட்டியில்கூடப் பார்த்ததில்லை. ஆகவே ஆற்றைக் கடலாக்கி, மலையை மண்டபம் கடற்கரையாக்கி, ட்ரவுட்டைப் பாரை மீனாக்கிவிட்டேன். ஆசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: 'வழிகாட்டி சோணைமுத்து அடிவானத்தைப் பார்த்தபடி, கடல் என்பது'

அடித்துவிட்டேன். சோணைமுத்து மூன்று பத்தி தத்துவம் பேசினார், ஒரு மீனும் பிடிக்கவில்லை. அவரைத் தொண்டி பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு மாரிச்செல்வியைக் கூப்பிட்டேன்.

மாரிச்செல்விக்கு இருபத்தாறு வயது. முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடுகிற வீட்டுப் பெண். கண்மாயில் கெண்டை பிடித்துப் பழகிய கை. இப்போது மண்டபத்தில், சுற்றுலா வருகிறவர்களுக்கு இறகுத் தூண்டில் வீசக் கற்றுக்கொடுக்கிறாள். மண்டபத்துக்கு இரண்டு பக்கமும் கடல். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் பொங்கும்; ஆட்களை வடகடலுக்குக் கூட்டிப்போவாள். ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பினால் வடகடல் பொங்கும், அப்போது தென்கடல். (நாலு பருவம் கேட்ட ஆசிரியர் இரண்டு காற்றோடு திருப்திப்படட்டும்.)

அவளுக்கும், முதுகுளத்தூரில் டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அருள்முருகனுக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போயிற்று. "நீ வேலையை விட வேணாம். ஆனா எங்கம்மாட்ட நீதான் பேசணும்" என்று அவன் நழுவிக்கொண்டான். அம்மா ராக்கு சொன்னது ஒன்றே ஒன்று: "வேலையை விடச் சொல்லு. நாளைக்கே பூ வைக்க வாரேன்."

மாரிச்செல்விக்கு அவனும் வேண்டும், கடலும் வேண்டும். "ஒருதரம் வந்து பாத்துட்டுச் சொல்லுங்க அத்தை" என்று ராக்குவுக்குப் போன் போட்டாள். சொல்லும்போது அவள் கண்கள் பனித்

பனிக்கவில்லை. அவள் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

3

ஆனி மாதம், காலை எட்டு மணி, வடகடல். இடுப்பளவு தண்ணீர். மாரிச்செல்வி கழை ஊன்றிப் படகைத் தள்ளுகிறாள். நடுப்பலகையை இரண்டு கையாலும் பிடித்தபடி ராக்கு. அருள்முருகன் கரையிலேயே நின்றுவிட்டான்.

"இது என்னத்தா, சேவ இறகு?"

"ஆமா அத்தை. ஊருலருந்து எங்கய்யா அனுப்புவாக. தூண்டில்ல கட்டி இழுத்தா குட்டி மீன் ஓடுற மாதிரி இருக்கும்."

"மீனை ஏமாத்துற. சரி, பிடிச்சு?"

"விட்டுருவோம்."

"விடுறதுக்கா பிடிக்கிறீக? எங்கூருல இப்படிச் செஞ்சா, புத்தி பெரண்டுருச்சுன்னு ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்."

"இன்னைக்கு விட்ட மீன் நாளைக்கு இன்னொருத்தருக்கு மாட்டும்ல அத்தை."

"அப்ப ஒரே மீனை ஊருக்கெல்லாம் பொண்ணு காட்டுற."

மாரிச்செல்வி சிரித்துக்கொண்டே தூண்டிலை வீசினாள். நங்கூரம் போட வேண்டியிருந்ததால் தூண்டில் கம்பை ராக்குவிடம் நீட்டினாள். "சும்மா பிடிச்சுக்கங்க."

கம்பு வளைந்தது.

(முதல் தடவையே மீனா என்று கேட்பீர்கள். பெண் பார்க்க வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிற எழுத்தாளன் நானில்லை.)

"ஏ ஆத்தே! கிடா மாதிரி இழுக்குது!"

"விடாதீக அத்தை! நூலை விடுங்க!"

"விடாதங்குற, விடுங்குற!"

பத்து நிமிஷத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு பாரை மீன் படகோரம் வந்து புரண்டது. ராக்குவின் முகமெல்லாம் வேர்வையும் சிரிப்பும். குனிந்து கையை நீட்டினார்.

"அத்தை! மொதல்ல கையை நனைங்க!"

கை அப்படியே நின்றது.

4

(மீன் மேல் இருக்கும் வழவழப்புதான் அதற்குச் சட்டை. காய்ந்த கை பட்டால் அது உரிந்து, விட்ட மீன் பிழைக்காது. அதனால் கை நனைக்காமல் யாரையும் மீனைத் தொட விடமாட்டாள் மாரிச்செல்வி. ஆனால் பெண் பார்க்க வந்த இடத்தில் கை நனைத்தால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். பிடிக்காதவர்கள் ஒரு வாய் சாப்பிடாமல் எழுந்து போவார்கள். சுற்றுலா வருகிறவர்களிடம் வழக்கமாகச் சொல்வதை மாரிச்செல்வி இவரிடமும் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.)

"யாரைக் கை நனைக்கச் சொல்ற? காலைல நீ குடுத்த காப்பியவே நான் தொடல."

"மீனுக்காகச் சொன்னேன் அத்தை."

"கரையில எம்மகன் பாத்துக்கிட்டு நிக்கான். அவன் மீனுக்குன்னா நெனப்பான்?"

இந்த இடத்துக்கு நான் ஒரு சமர்த்தான முடிவு வைத்திருந்தேன். ராக்கு சட்டென்று கையை முக்கி, மீனைப் பிடித்து விட்டுவிட்டு, "உப்புத்தண்ணி கணக்குல சேராது" என்பார். மீனும் பிழைக்கும், ராக்குவின் பிடிவாதமும் பிழைக்கும். ஆசிரியர் போன் செய்து பாராட்டுவார்.

ராக்கு சொல்லியும்விட்டார். "நனைக்கிறேன். ஆனா உப்புத்தண்ணி கணக்குல சேராது, ஆமா."

மாரிச்செல்விதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"சேரும் அத்தை. எனக்குச் சோறு போடுறதே உப்புத்தண்ணிதான். நனைச்சா என்னையும் என் வேலையையும் சேத்து நனைங்க. இல்லாட்டி கையை எடுங்க, மீனை நான் பாத்துக்கிறேன்."

(நான் அவளுக்கு எழுதி வைத்திருந்த வசனம்: "சரிங்க அத்தை.")

5

இரண்டாம் முடிவு: ராக்கு கையை எடுத்துக்கொள்கிறார். மாரிச்செல்வி மீனை விடுகிறாள். கரை வரும்வரை இருவரும் பேசவில்லை. எழுதிப் பார்த்தேன். சற்று முன் அத்தனை கூச்சல் போட்ட ராக்கு அந்த மௌனத்துக்குள் உட்கார மாட்டேன் என்கிறார்.

மூன்றாம் முடிவு: காய்ந்த கையால் மீனை அள்ளிப் படகில் போட்டு, 'குழம்பு வைப்போம்'

முதுகுளத்தூர் வாசகர்கள் இதற்குத்தான் ஓட்டுப் போடுவார்கள். மன்னிக்கவும், மாரிச்செல்வியின் படகில் அது நடக்காது.

ஆக, படகை அந்த இடுப்பளவுத் தண்ணீரிலேயே நிறுத்தியிருக்கிறேன். ராக்குவின் முந்தானை எப்போதோ தண்ணீரில் விழுந்து மிதக்கிறது. கை மட்டும் ஒரு சாண் மேலே. மீன் செவுளைத் திறந்து திறந்து மூடுகிறது. மாரிச்செல்வி ராக்குவின் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்க்கிறாள்.

"ஏத்தா" என்கிறார் ராக்கு. "ஒரு கையை நனைச்சாப் போதுமா?"

"ரெண்டும் நனைக்கணும் அத்தை."

பத்திரிகையில் எனக்குக் கொடுத்த இடம் இவ்வளவுதான். படிக்கிற நீங்கள் பெண் வீடோ, மாப்பிள்ளை வீடோ எனக்குத் தெரியாது. அந்தக் கைகளை மேலே தூக்குங்கள், அல்லது கீழே இறக்குங்கள். எதுவானாலும் சீக்கிரம், மீன் காத்திருக்காது.