களிமண் மேசையில் ஒரு தூக்கம்

ஏழாவது சனிக்கிழமை அவள் பானையை நான்காவது சுற்றுவரை ஏற்றிவிட்டாள். களிமண்ணைக் கயிறாக உருட்டி, வட்டமாக அடுக்கி, உள்பக்கம் கட்டைவிரலால் இழுத்து ஒட்ட வேண்டும். சக்கரம் இல்லாத வகுப்பு, எல்லாம் கைதான். பரிசோதனைக் கூடத்தில் தினமும் காலை ஆறு மணியிலிருந்து இரத்தம் எடுக்கும் கை அவளுடையது, கண்ணில் படாத நரம்பையும் தொட்டே பிடித்துவிடும். ஆனால் மண்ணிடம் அதன் பாச்சா பலிக்கவில்லை. ஒரு கிண்ணம் சரிந்தது, இன்னொன்று காயும்போது வெடித்தது, ஒரு குவளை சூளையிலிருந்து அடி வேறு, உடல் வேறாக வந்தது.

கணவர் பக்கவாதத்தில் விழுந்து ஒன்றே முக்கால் வருடம். புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் வேலைக்கு முன்னும் பின்னும் அவள்தான். நாத்தனார்தான் ஒருநாள், “அண்ணி, உங்க மூஞ்சியப் பாக்க சகிக்கல. சனிக்கிழமை மதியம் அண்ணன நான் பாத்துக்கறேன். எங்கயாவது போய்த் தொலைங்க” என்று விரட்டினாள். எங்கே போவதென்று தெரியாமல் பேருந்து நிறுத்தத்தில் நின்றவளின் எதிரே இந்த வகுப்பின் பலகை தொங்கியது. அவ்வளவுதான் கதை.

ஐந்தாவது கயிற்றை உருட்டும்போது தலைக்கு மேல் மின்விசிறி ஒரே தாளத்தில் முனகிக்கொண்டிருந்தது. ஒரு நொடி கண்ணை மூடினாள்.

விழித்தபோது அறை காலி. கன்னத்தில் மேசைத்துணியின் வரி. மூலையில் பயிற்சியாளர் பலகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“எழுப்பியிருக்கலாமே!”

“ரெண்டு தடவ தட்டினேன்க்கா. ‘ஊசி எடுத்தாச்சு, கைய மடக்கி வெச்சுக்கங்க’ன்னு சொல்லிட்டுத் திரும்பப் படுத்துட்டீங்க.”

பானையின் ஒரு பக்கம் முழங்கை பட்டு உள்ளே போயிருந்தது. “நிமித்திடலாம்க்கா, மண்ணு இன்னும் ஈரமாத்தான் இருக்கு” என்றாள் பயிற்சியாளர். தூங்கி எழுந்தவள் பானைப் பக்கம் கையைக் கூட நீட்டவில்லை. வகுப்பு முடிந்து முக்கால் மணி நேரம் கடந்திருந்தது.

நாத்தனாருக்கும் வீடு உண்டு, காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. வழி நெடுக ஒரு பொய்யைத் தயார் செய்தாள்: பேருந்து வரவில்லை. கதவைத் திறந்த நாத்தனாரின் தலைமுடி வேர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் பொய் வாயிலேயே நின்றுவிட்டது.

“தூங்கிட்டேன்” என்றாள்.

“எங்க?”

“அங்கதான். மேசையிலயே.”

போச்சு, இனி சனிக்கிழமையும் போச்சு என்று நினைத்தாள். கட்டிலிலிருந்து கணவரின் குரல் வந்தது. ஒவ்வொரு எழுத்தையும் தூக்கித் தூக்கி வைப்பதுபோல, “கு… றட்ட… விட்டியா?” என்றார்.

எத்தனை மாதங்களுக்குப் பிறகு ஒரு கேலி! நாத்தனார் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு பாதியில் கோணி, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“அண்ணி, நானும் தூங்கிட்டேன். கட்டிலுக்குப் பக்கத்துலயே தரையில. அண்ணன் கூப்பிட்டிருக்காரு, காதுல விழல. முழிச்சுப் பாத்தா படுக்கையெல்லாம் ஈரம். ஒரு மணி நேரமா அப்பிடியே கெடந்திருக்காரு. தனியாப் புரட்டிப் பாத்தேன், முடியல.”

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அவள… திட்டாத” என்றார், சுவரிடம்.

“யார நான் திட்றது?” என்று கைப்பையைக் கீழே போட்டாள். நகக்கண்ணில் இன்னும் களிமண் இருந்தது. கழுவப் போகவில்லை. அவரோடு சேர்த்துத் தூக்கி நகர்த்த, ஈர விரிப்பின் இரண்டு முனைகளை அவள் பிடித்தாள், எதிர்ப்பக்கம் இரண்டை நாத்தனார் பிடித்தாள்.

“ஒண்ணு” என்றாள் அவள்.

“ரெண்டு” என்றாள் நாத்தனார்.

அதற்கு மேல் யாரும் எண்ணவில்லை. மாலை வெயில் கட்டிலின் கால்வரை வந்திருந்தது. விரிப்பை இறுகப் பிடித்தபடி, தூக்கத் தெம்பில்லாமல், விடவும் மனமில்லாமல், இருவரும் குனிந்தே நின்றார்கள். நடுவில் அவர் நல்ல கையால் கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டு காத்திருந்தார்.