நாற்பத்தொரு வழிகள்

மனித குலத்தின் வீழ்ச்சி, முதல் மனிதன் இரண்டாம் மனிதனிடம் வழி கேட்ட அன்றே தொடங்கிவிட்டது. காலை பத்தே முக்காலுக்கு அகராதி அலுவலகத்தின் துணையாசிரியன் எழுந்து நின்று இதை அறிவித்தான். அறையில் இருந்தது தட்டச்சு அக்கா ஒருவர்தான். அவரும் கையை நிறுத்தவில்லை.

"அப்ப ரெண்டாவது ஆளுக்கு வழி தெரிஞ்சிருந்துச்சா?"

"அது ஆய்வுக்குரியதுக்கா."

"நல்லா ஆய்வு பண்ணு. ஆனா உக்காந்து பண்ணு. நீ நடக்குற நடையில என் மேஜை ஆடுது."

அவனால் உட்கார முடியவில்லை. அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் 'நுணுக்கம்'. ஆங்கிலம்–தமிழ் அகராதியின் புதிய பதிப்பில் மற்ற சொற்கள் எல்லாம் அச்சேறிவிட்டன. மிச்சம் இருந்தது ஒரே சொல்: 'வே'. மூன்றே எழுத்துள்ள ஆங்கிலச் சொல். ரயில்வேக்கும் ஹைவேக்கும் வாலாக ஒட்டிக்கொண்டிருப்பது. பழைய பதிப்பு அதற்கு 'வழி, பாதை' என்று இரண்டே சொல் எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டது. நுணுக்கம் மூன்று மாதம் உட்கார்ந்து நாற்பத்தொரு பொருள் பிரித்திருந்தான். பாதை காலால் உண்டாவது. சாலை ஒப்பந்தத்தால் உண்டாவது. தடம் என்பது போனவர் விட்டுவைத்தது. நெறி என்பது போகாதவர் சொல்லிவைத்தது. தெருக்களில் நாடாவோடு அலைந்து அளந்து, பன்னிரண்டாம் பொருளான சந்துக்கும் இலக்கணம் வகுத்திருந்தான்: 'இரு சுவர்களுக்கு இடையே, நான்கு சக்கர வண்டியை நுழைக்க முடியாத குறுகிய வழி.'

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிச் சொல்லை எழுதியவரே அச்சகத்துக்குப் போய், இயந்திரத்தின் பக்கத்தில் நின்று மெய்ப்பை, அதாவது பிழை பார்க்கும் தாளைப் படித்து, 'அச்சிடுக' என்று கையெழுத்துப் போட வேண்டும். மின்னஞ்சல் வந்த பிறகும் முதன்மை ஆசிரியர் அம்மா இதை விட்டுக்கொடுக்கவில்லை.

"நாலு மணிக்கு மெஷின் ஓடும்," என்றார் அவர். "உன் கையெழுத்து இல்லன்னா பழைய பக்கமே போயிடும். உன்னை நிரந்தரம் பண்றதா வேண்டாமாங்கிறதும் அந்தப் பக்கத்தைப் பாத்துட்டுத்தான்."

அச்சகம் போன மாதம்தான் இடம் மாறியிருந்தது. போர்மேன் தொலைபேசியில் வழி சொன்னார்: "பஸ்ஸை விட்டு இறங்கி மெயின் ரோட்டுலேயே வந்தீங்கன்னா இடது கைப்பக்கம் மூணாவது சந்து. அதுல கடைசிக் கட்டடம்." அவராகச் சொன்னதால் இதைக் கேட்டதாகக் கணக்கில் எடுக்க முடியாது என்று நுணுக்கம் முடிவு செய்தான்.

"தெரியலன்னா யாரையாவது கேட்டுக்கப்பா," என்றார் அக்கா.

"வழி கேக்குறவன் தன் மூளையை அடுத்தவனுக்கு வாடகைக்கு விடுறான்க்கா."

"காலியாத்தானே கிடக்கு. விட்டா என்ன?"

மூன்று மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கினான். கைபேசியில் வழி சொல்லும் பெண் குரலை ஏற்கெனவே அணைத்து வைத்திருந்தான். முகம் தெரியாதவளிடம் கேட்டாலும் கேட்டதுதானே.

முதல் திறப்பு, சந்து. இரண்டாவதும் சந்து. மூன்றாவதில் ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது. நுணுக்கம் அதை ஒரு பார்வை பார்த்தான். நான்கு சக்கரமும் முழுசாக உள்ளே இருந்தன. ஆகவே அது சந்து அல்ல. பன்னிரண்டாம் பொருளில் அடங்காததால் அது தெரு. தெருவை எண்ணிக்கையில் சேர்க்காமல் கடந்து அடுத்ததில் நுழைந்தான்.

அது ஒரு சுவரில் போய் முட்டியது. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணி எட்டிப் பார்த்தார். சுவரைப் பார்க்கத்தான் வந்தவன் போல நுணுக்கம் அதை மேலும் கீழும் நோட்டம் விட்டு, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் திரும்பினான்.

பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணினான். பேருந்து நிறுத்தத்துக்கே போய் முதலிலிருந்து எண்ணினான். இருபுறமும் மரம் நின்றால்தானே சாலை, மரமே இல்லாத இதைச் சாலை என்று கொள்ளலாமா என்ற ஐயம் வந்து, பக்கத்துச் சாலையிலும் எண்ணிப் பார்த்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நிமிடத்துக்கு ஒரு தரம் மணி பார்த்தான். வேனுக்கு எதிரே இருந்த பஞ்சர் கடைக்காரர், தன் கடையை நாலாவது முறையாகத் தாண்டும் இவனைப் பார்த்துவிட்டு, ட்யூபைத் தண்ணீரில் அமுக்கினார்.

கைபேசி அடித்தது. அக்கா.

"எங்கப்பா இருக்க? போர்மேன் உன்னைக் காணோம்ங்கிறாரு."

"நெருங்கிட்டேன்க்கா."

"எதை?"

அவன் வேனின் சக்கரங்களை இன்னொரு தரம் எண்ணினான்.

"மூணே முக்கால் ஆச்சு. அவரு பழைய பக்கத்தை எடுத்து வெச்சுட்டாராம்," என்று அக்கா வைத்துவிட்டார்.

 மூன்று மாத உழைப்பு 'வழி, பாதை' என்று இரண்டு சொல்லாகச் சுருங்கப்போகிறது. அவன் பஞ்சர் கடையின் முன் போய் நின்றான்.

"இந்தப் பக்கம் ஒரு அச்சகம் இருக்கறதா ஒரு பேச்சு," என்றான் வானத்தைப் பார்த்து.

"அப்படியா," என்றார் கடைக்காரர்.

"புதுசா வந்திருக்காம்."

"வரட்டும். நல்லதுதானே."

தண்ணீரில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது. மணி மூன்று ஐம்பது.

"தம்பிக்கு என்ன வேணும்?"

நுணுக்கம் இரு பக்கமும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, அச்சகத்துக்கு எப்படிப் போகணும்?"

"இதைக் கேக்கவா இவ்வளவு நேரம் என் கடையைச் சுத்துனீங்க? அந்த வேன் நிக்குதுல்ல, அந்தச் சந்துதான். கடைசிக் கட்டடம்."

அது சந்து அல்ல என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு ஓடினான். வேனுக்கும் சுவருக்கும் நடுவில் பக்கவாட்டில் நசுங்கி, சட்டையில் பாதி அழுக்கோடு உள்ளே விழுந்தபோது போர்மேன் இயந்திரத்தின் பொத்தானருகே நின்றிருந்தார்.

"வந்துட்டேண்ணே."

"அஞ்சு நிமிஷம் இருக்கு. ஒரு சொல்லுக்கு மேல மாத்த முடியாது."

நுணுக்கம் மெய்ப்பை வரி வரியாகப் படித்தான். பன்னிரண்டாம் பொருளுக்கு வந்ததும் விரல் நின்றது. வெளியே அந்த வேன் திரும்ப இடமில்லாமல் முன்னும் பின்னும் உறுமிக்கொண்டிருந்தது. 'நுழைக்க' என்பதை அடித்துவிட்டு, 'திருப்ப' என்று எழுதினான்.

"ஒரு சொல்தாண்ணே."

கையெழுத்துப் போட்டான். திருத்தம் உள்ளே போனது. இயந்திரம் நாலு மணிக்குச் சரியாக ஓடத் தொடங்கியது. முதல் தாள் சூடாக வெளியே வந்தது. நாற்பத்தொரு பொருளும் வரிசையாக இருந்தன. அவன் அதை இரண்டு முறை எண்ணிவிட்டு, மடித்துப் பையில் வைத்து வாசல்வரை போனான். வேன் இப்போது வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

திரும்பி வந்து போர்மேனின் அருகில் நின்றான்.

"அண்ணே, பஸ் ஸ்டாப்புக்கு வேற எந்தப் பக்கமாப் போகலாம்?"

இயந்திரச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. அவன் இன்னும் கிட்டப் போய், இன்னொரு முறை கேட்டான்.