முனியாண்டி சாமியின் சைக்கிள் பம்பு

புக்கிட் செந்தோசாவில் சுகுமாரன் ஒரு பழைய காலத்துச் சைக்கிளைப் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டுகிறான், கட்டுகிறான், ஒரு வருஷமாகக் கட்டுகிறான். செரண்டா தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்தால் துரு சுரண்டுவதும் பாலிஷ் போடுவதும்தான் வாழ்க்கை. கம்பி பிரேக், தோல் சீட்டு, டைனமோ விளக்கு, எல்லாம் அசல், எல்லாம் ஒரே காலத்துச் சாமான். பம்பு மட்டும் கிடைக்கவில்லை. பம்பு மாட்டும் கொக்கிகள் காலியாக இருப்பதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குத் தூக்கம் போயிற்று.

கடைசியில் கிடைத்தது எங்கே என்று சொல்லவே நாக்கூசுகிறது. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம், அவன் மனைவி தனேஸ்வரி பிறந்த தோட்டத்தின் எல்லையில் ஒரு முனியாண்டி கோயில். மற்ற ஊர் முனிக்குக் குதிரை. இந்த முனிக்குச் சைக்கிள். எந்தக் காலத்திலோ தோட்டத்து வேலையாட்களை மேற்பார்க்கும் ஒரு மண்டோர் காணிக்கையாக விட்டது. அதிலேறித்தான் சாமி செம்பனைக் காட்டைச் சுற்றிக் காவல் பார்க்கிறார் என்று தோட்டத்தில் பேச்சு. வேண்டுதல் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை வந்து, சைக்கிளிலேயே மாட்டியிருக்கும் பம்பால் டயருக்குக் காற்றடித்துவிட்டுப் போவார்கள். பித்தளைக் குழாய், மரக் கைப்பிடி. அந்தப் பம்பைத்தான் நம்ம ஆள் ஒரு மத்தியானம் உருவிக்கொண்டு வந்தான். சும்மா இல்லை, பதிலுக்குப் பேரங்காடியில் வாங்கிய பிளாஸ்டிக் பம்பை மாட்டிவிட்டு! சாமிக்கு பிராண்டா தெரியப்போகிறது என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் வேறு.

வீட்டில் பிரித்துப் பார்த்தான். உள்ளே தோல் வாஷர் காய்ந்து சுருங்கிக் கிடந்தது. அதை விளக்கெண்ணெயில் ஊறவைத்து, பித்தளையைத் தேய்த்து, மறுபடி பூட்டி, பம்பின் வாயில் விரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினான். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வந்தது. காற்றோடு சுருட்டு வாசனையும் வந்தது.

பம்பைக் கீழே போட்டுவிட்டான். படையல் சுருட்டுப் புகை வருஷக்கணக்காக உள்ளே படிந்திருக்கும், இதிலென்ன என்று புத்தி சொன்னது. உடம்பு கேட்கவில்லை. பம்பைத் துணியில் சுற்றிக் காரின் பின்பெட்டியில் ஒளித்தான். வீட்டுக்குள் வைக்கப் பயம். வீட்டுக்குள் தனேஸ்வரி இருந்தாள், ஏழு மாத வயிற்றோடு. முன்பு இரண்டு தடவை தங்காமல் போனது. இந்தத் தடவை எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் கிளினிக்கில் சொல்கிறார்கள். ஆனாலும் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? தன் திருட்டுக் கையால் ஆனதாகிவிடுமே? அவள் இருமினால் இவன் திடுக்கிட்டான். அவள் புரண்டு படுத்தால் எழுந்து உட்கார்ந்தான். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவனுக்கு வீட்டிலேயே பயம். திருப்பி வைக்கத் தோட்டம்வரை போன போதெல்லாம் கோயிலில் ஆள் இருந்தது. காரை நிறுத்தாமலே திரும்பினான்.

இப்படியே சில வாரம் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை தனேஸ்வரி சொன்னாள்: "என்னங்க, முனியாண்டி கோயிலுக்குப் போவோம் லா. ஏழு மாசம் தாண்டுனா என் கையால சாமிக்குக் காத்தடிக்கிறேன்னு வேண்டியிருக்கேன்."

சுகுமாரன் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். "வெயிலா இருக்கே, அடுத்த வாரம் போவமே?"

"கார்லதானே போறோம்?"

போனார்கள். சாமியின் சைக்கிள் மரத்தடியில் சாய்ந்திருந்தது. இரண்டு டயரும் தரையோடு தரையாக நசுங்கிக் கிடந்தன. தனேஸ்வரி பிளாஸ்டிக் பம்பை எடுத்து வால்வில் பொருத்தப் பார்த்தாள். சேரவில்லை. பழைய வால்வின் மெல்லிய கழுத்துக்கும், மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் செய்த அந்தப் பம்பின் வாய்க்கும் ஏழாம் பொருத்தம். ஒரு வருஷமாகச் சைக்கிள் கட்டுகிறவனுக்கு இது தோன்றாமல் போயிற்றே! அவன் பம்பை எடுத்த நாள் முதல் யாராலும் காற்றடிக்க முடிந்திருக்காது.

"சாமி பம்ப எவன்ங்க எடுத்தான்?" அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "சாமி வெளியவே கிளம்பலையே. அப்ப என் புள்ளைய யாரு பாத்துக்கிட்டா? எனக்குப் பயமா இருக்குங்க."

சுகுமாரன் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றான். இத்தனை நாளும் தன் பயத்தையே சீராட்டிக்கொண்டிருந்தவன் இப்போதுதான் அவள் பயத்தைப் பார்த்தான். எவனோ எடுத்தான் என்று அவளோடு சேர்ந்து திட்டியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவனால் முடியவில்லை. காருக்குப் போய்ப் பின்பெட்டியைத் திறந்து, துணியைப் பிரித்து, பம்பை அவள் முன்னால் நீட்டினான்.

பம்பு தங்கம் மாதிரி மின்னியது. அந்த மினுக்கு யார் கைவேலை என்று அவளுக்கா தெரியாது? வெடுக்கென்று வாங்கினாள். குனிய முடியாமல் குனிந்து, இரண்டு டயருக்கும் மூச்சு வாங்க வாங்கத் தானே காற்றடித்தாள். உதவிக்கு நீண்ட அவன் கையை முழங்கையால் தள்ளினாள்.

"தனேஸ், என் சைக்கிளையும் கொண்டாந்து சாமிக்கே விட்டுடறேன். ஒரு வருஷ உழைப்பு. போதும்ல? சாமி மன்னிச்சிடும்ல?"

அவள் பம்பைக் கொக்கியில் மாட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"சாமிக்குப் போதும். ரெண்டு புள்ளைய பறிகுடுத்தவ நானுங்க. எங்கிட்ட நீங்க இன்னும் ஒண்ணும் கேக்கலயே."

காருக்கு நடந்தாள். முன்சீட்டுக் கதவைத் தாண்டிப் போய், பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சுகுமாரனுக்கு இப்போதுதான் நிஜமான பயம் வந்தது.