நாலு கிலோவுக்கு மேல் ஆகாது

நல்லூர் கிட்டுசாமி வீட்டிலிருந்து யார் பழனிக்கு நடந்தாலும் பை கட்டுவது அவர் மனைவி சாரதாமணிதான். வேறு யாராவது கட்டினால் அவளுக்குப் பிடிக்காது. பிடிக்கவில்லை என்பதை முகத்துக்கு நேரே சொல்லவும் செய்வாள். நாலு தைப்பூசத்துக்கு நடந்தவளாயிற்றே! இந்த வருசம் மூட்டு மக்கர் பண்ணிவிட்டது. "உங்களுக்குப் பதிலா நான் நடக்கறனுங்கம்மா" என்று மகள் தரணி தானாக வந்து கேட்டபோது அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. மாசியில் தரணிக்கு நிச்சயதார்த்தம். முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்து உட்காரட்டுமே, அதைவிட என்ன வேண்டும்.

மூன்று நாள் நடை. சாரதாமணி ஒரு வாரமாக அடுப்படியை விட்டு நகரவில்லை. புளிக்காய்ச்சலுக்கு நல்லெண்ணெயில் கஞ்சத்தனம் பார்த்தால் மறுநாளே பூத்துப்போகும், அதனால் தாராளமாக ஊற்றினாள். கடலை உருண்டை பிடித்தாள், நாரத்தங்காய் ஊறுகாய் கட்டினாள், பாதத்தில் தடவ விளக்கெண்ணெய் எடுத்து வைத்தாள். செருப்பில்லாமல் நடக்க வேண்டும். கொப்புளம் வந்தால் சுற்றிக்கொள்ள, வீட்டுக்குக் கீழே இருந்த அவர்களுடைய கம்பெனியில் கட்டிங் போக விழுந்த பனியன் வேஸ்டைக் கிளறித் தையலில்லாத துண்டாகப் பொறுக்கினாள்.

"நாலு கிலோவுக்கு மேல ஆகாது கண்ணு. மொத நாளு பை இருக்கறதே தெரியாது. தாராபுரம் தாண்டிட்டா கர்ச்சீப்புக்கூடக் கருங்கல்லாட்டக் கனக்கும்."

தரணி சிரித்தாள். கட்டி முடித்த பையைத் துணி ரோல் எடைபோடும் தராசில் வைத்துப் பார்த்தார்கள். மூன்றே முக்கால் கிலோ.

மறுநாள் மத்தியானம் புறப்பாடு. காலையில் தரணி குளிக்கப் போயிருந்தபோது சாரதாமணிக்கு டார்ச் லைட் ஞாபகம் வந்தது. அதையும் வைத்து இன்னொரு தடவை நிறுத்துவிடலாமென்று பையைக் கீழே தூக்கிக்கொண்டு போனாள். ஐந்தே கால் காட்டியது. தராசு கெட்டுவிட்டதா என்று தட்டிப் பார்த்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

பெட்ஷீட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் ப்ளஸ் டூ மார்க் ஷீட், டிகிரி சர்டிபிகேட், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள். பாதி தரணியுடையவை. மீதியில் இருந்தவன் முனீஸ், மூன்று வருசம் அவர்கள் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டிவிட்டுத் தீபாவளியோடு நின்றுபோன தெற்கத்திப் பையன். கவருக்கும் அடியில் சாரதாமணியின் கூறைச்சேலை இருந்தது.

அடிப்பாவி! முதலில் கைதான் பரபரத்தது, போய் நாலு அறை விடலாமென்று. முருகன் பேரைச் சொல்லியா என்னை ஏமாற்றினாய்? அப்புறம் அந்தச் சேலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கல்யாணத்துக்குப் பெற்றவள் வரமாட்டாள், அவள் சேலையாவது வரட்டும் என்று எடுத்திருக்கிறாள்.

கிட்டுசாமியிடம் சொல்லலாம். சொன்னால் என்ன நடக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். போன வருசம் சொந்தத்தில் ஒரு பெண் வயிற்று வலியில் செத்துப்போனாள் என்றார்கள். போலீசுக்குத் தெரியும் முன்பே எரித்தும் விட்டார்கள். அந்த வீட்டில் துக்கம் விசாரிக்கப் போன கிட்டுசாமி, பெண்ணைப் பெற்றவனைப் பற்றி "அவன் ஆம்பள" என்று சொல்லிக்கொண்டுதான் திரும்பி வந்தார்.

சாரதாமணி எல்லாவற்றையும் இருந்தபடியே அடுக்கினாள். அதற்குமேல் இன்னொரு பொட்டலம் கடலை உருண்டையும் வைத்துக் கட்டினாள். அந்தப் பையன் என்ன சாப்பிடுவான் என்று அவளுக்கென்ன தெரியும்.

மத்தியானம் பச்சைச் சேலையில் தரணி காலில் விழுந்தாள். எழுந்திருக்கவே இல்லை. சாரதாமணி தோளைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

"பையப் போ கண்ணு. முள்ளுக் கிள்ளுக் குத்துச்சுன்னா அப்படியே நடக்காத. உக்காந்து எடுத்துட்டுப் போ."

"சரிங்கம்மா" என்றாள் தரணி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை, கூட நடந்த பக்கத்து வீட்டு ரங்காத்தாள் போன் பண்ணினாள். தாராபுரம் மண்டபத்தில் பக்கத்தில் படுத்திருந்த தரணியை எழுந்து பார்த்தால் காணோம். விடியற்காலையில் அவளும் முனீசும் பஸ் ஏறியதைக் கூட வந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் பங்காளிகள் வாசலில் கூடிவிட்டார்கள். மகன் சதீஷ்குமார் சுமோவை எடுத்து நிறுத்தினான். சாக்கில் சுற்றி எதையோ சீட்டுக்கு அடியில் தள்ளினான். அது அரிவாள் என்பதைச் சாக்கு மறைக்கவில்லை. கிட்டுசாமி சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"ரெண்டு பேத்துல ஒருத்தருகூடத் திரும்பி வரக்கூடாதுடா" என்றார்.

சாரதாமணி தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். குடத்தை முக்கினாள், வாசல் நடுவில் வந்து நின்றாள், எல்லோரும் பார்க்கத் தலையில் கொட்டிக்கொண்டாள். ஒன்று. இரண்டு. மூன்று.

"எம் புள்ள செத்துட்டாளுங்க!" என்று கத்தினாள். "பெத்தவ நான் தல முழுகிட்டேன். செத்தவளத் தேடிட்டு எங்கீங்க போறீங்க? மசானத்துக்கா?"

வாசலில் சத்தம் அடங்கிற்று. பங்காளிகளில் மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "முழுகியாச்சுன்னா முடிஞ்சுதப்பா, கிட்டுசாமி. அதுக்கு மேல பின்னால போறது நம்ம வழக்கமில்ல. வண்டியக் கொண்டுபோய் ஷெட்டுல உடச் சொல்லு."

கிட்டுசாமி வெகுநேரம் மனைவியையே பார்த்தார். பிறகு அவரும் ஒரு குடம் கொட்டிக்கொண்டார். பெண்கள் ஓடிவந்து சாரதாமணியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். உயிரோடிருக்கிற மகளுக்கு அன்றைக்கு அவள் அழுத அழுகையை யாரும் பொய்யென்று சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருசம் வளர்த்த பிள்ளையை அவள் தன் வாயாலேயே கொன்றிருந்தாள், வேறு யாரும் கொல்லக்கூடாது என்பதற்காக.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. கிட்டுசாமியும் சதீஷ்குமாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாரதாமணி எடுத்தாள்.

"அம்மா, நானுங்க. நல்லா இருக்கறனுங்கம்மா. அம்மா?"

இலையிலிருந்து நிமிர்ந்தான் மகன். "யாருங்கம்மா?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடட்டும் என்று காத்திருந்தாள். அந்தக் குரல் கூப்பிட்டது.

"நீங்க கேக்கறவங்க எறந்துட்டாங்க. இனி இந்த நம்பருக்குப் பண்ணாதீங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு மகனுக்கு ரசம் ஊற்றப் போனாள்.