முள்ளுக்கு மேடு தெரியாது

வேறு யாருடைய பெண்ணாவது அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தால் இந்நேரம் அந்த எண்ணைப் போட்டுக் கொடுத்திருப்பேனோ?

விசைப்பலகையின் மேல் விரல்களை வைத்தபடி ரோஸெல் இதை நினைத்தாள். மடிக்கணினியிலிருந்து ஒரு கறுப்புக் கம்பி அந்தப் பழைய கோல்ஃப் காரின் ஜன்னல் வழியாக உள்ளே போயிற்று. உள்ளே அவள் மகள் ஜேடீன், தோளிலும் இடுப்பிலும் வார்கள் இறுகக் கட்டி, தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்சக்கரங்கள் தரையில் பதித்த இரும்பு உருளைகளின் மேல் நின்றன. கார் நின்ற இடத்திலேயே ஓடும். என்ன பலத்தோடு ஓடுகிறது என்பதைத் திரை சொல்லும்.

கடலிலிருந்து வெகு உயரத்தில், மேட்டு நிலத்திலிருக்கும் எல்டோராடோ பார்க்கில், வீட்டின் பின்முற்றத்தில், ரோஸெலும் அவள் கணவன் டென்வரும் நடத்துகிற பட்டறை அது. இரும்பு வேலையெல்லாம் டென்வருடையது. எஞ்சினுக்குள் எப்போது எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும், டர்போ எவ்வளவு அழுத்தத்தில் காற்றை ஊத வேண்டும் என்று கணினியில் எழுதுவது ரோஸெலின் வேலை. அவள் எழுதியதன் மேல் ஒரு பூட்டும் உண்டு. அந்தக் கடவுச்சொல் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆகஸ்ட் காற்று காலையிலேயே எழுந்துவிட்டது. பழைய தங்கச் சுரங்கத்தின் மணல் மேட்டிலிருந்து மஞ்சள் தூசி சுவர் தாண்டி வந்து விழுந்துகொண்டிருந்தது.

"என்ன தங்கச்சி, ஜெபமா பண்றே? ஒரு எண்ணு. ஒரே ஒரு எண்ணு மாத்தணும்" என்றார் ஃபெர்டி.

ஃபெர்டி டென்வரின் பெரியப்பா மகன். கடற்கரை நகரமான டர்பனில், வென்ட்வொர்த்தில், இதே தொழில். ஜேடீன் நாளை பந்தயத்தில் ஓடப் போகிறாள் என்று கேள்விப்பட்டு, தன் சொந்தக் காரிலிருந்த டர்போவைக் கழற்றித் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். முந்தாநாள் இருட்டோடு புறப்பட்டு மலையேறி வந்தவர், காபிகூடக் குடிக்காமல் துண்டைத்தான் முதலில் பிரித்தார். உள்ளேயிருந்த சின்னச் சக்கரம் ஒரு நாரத்தம்பழ அளவு இருந்தது. இதழ்கள் அவ்வளவு மெல்லியவை. டென்வர் அதை விரலால் சுண்டியபோது சத்தமே இல்லாமல் சுற்றியது. மூன்று பேரும் ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ரோஸெலும்தான்.

போன வாரம்வரை காரில் இருந்த பெரிய டர்போ இப்போது மேசைமேல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதன் சக்கரம் பப்ளிமாஸ் பருமன். நிறையக் காற்று விழுங்கும், எவ்வளவு கேட்டாலும் பதறாமல் கொடுக்கும். ஆனால் அதைச் சுழலவைக்க எஞ்சின் கக்கும் புகை நிறைய வேண்டும். கார் பாதி வேகம் பிடித்த பிறகுதான் அதற்கு உயிர் வரும். சின்னது அப்படியில்லை. காலை அழுத்துமுன்பே பாய்ந்துவிடும். பாய்ந்தபின் மேலே போகப் போக அதற்கு மூச்சு போதாது.

"பெருசுல அழுத்தம் ரெண்டு வேணும்னா இப்பவே தரேன். மாத்திப் போடுங்க, மத்தியானத்துக்குள்ள முடிச்சுடலாம்" என்றாள் ரோஸெல்.

"பச்சை விளக்கு விழுந்ததும் அது கொட்டாவி விட்டு, எழுந்து, பல் தேய்ச்சுட்டு வரும் மம்மி" என்றாள் ஜேடீன் ஜன்னல் வழியாக. "அதுக்குள்ள என்கூட ஓடற பாக்ஸ்பர்க்காரன் அந்தக் கோடியில போய் நின்னு சிகரெட் பத்த வச்சிருப்பான்."

டென்வர் சிரித்தான். ஃபெர்டி முழங்காலில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"இந்த மேட்டுக்காரங்களுக்கே பயம் ஜாஸ்தி. காத்து இல்லை, காத்து இல்லைன்னு மூக்கால அழுதுக்கிட்டு இருப்பீங்க" என்றார்.

"உங்க ஊர்க் காத்துல உப்புதான் ஜாஸ்தி அங்கிள். கார் கோட்டுக்கு வர்றதுக்குள்ள துருப்பிடிச்சுக் கொட்டிடும்."

"வாயைப் பாரு. அப்படியே உங்க அம்மா."

எண் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அதுதான் சிக்கல். பந்தயத்துக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே, டர்போவின் அழுத்தத்தை வெள்ளை ஷூ பாலிஷால் காரின் பக்கக் கண்ணாடியில் எழுதிக்கொண்டு தெருவில் ஒரு சுற்று வருவது இங்கே பழக்கம். படம் எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். எழுதியதை அழித்தவன் ஓடுமுன்பே தோற்றவன். பாக்ஸ்பர்க்காரன் தன் கண்ணாடியில் ஒன்று புள்ளி எட்டு என்று எழுதி, கீழே 'அம்மா அனுப்பினால்தான் அந்தப் பெண் வருமாம்' என்று சேர்த்திருந்தான். நேற்று சாயங்காலம் ரோஸெல் கடைக்குப் போயிருந்தபோது ஜேடீன் பாலிஷை எடுத்து, கண்ணாடி முழுக்க, பெரிதாக, இரண்டு என்று எழுதிவிட்டாள். அது ஃபெர்டியின் எண். டர்பனில் அதே டர்போவில் அவர் ஓட்டிய எண்.

"ஒண்ணரையில இன்னொரு தடவை ஓட்டிப் பாக்கலாம்" என்றாள் ரோஸெல்.

ஜேடீன் கவசத்தை மாட்டிக்கொண்டாள். உருளைகள் உருண்டன. சின்ன டர்போ சட்டென்று பிடித்தது. திரையில் கோடு செங்குத்தாக ஏறியது. பெரியதின் கோடு போன வாரம் இதில் பாதிகூட ஏறவில்லை. ரோஸெலின் வயிற்றுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. இந்த இடத்துக்கு இதுதான் சரி என்று உடம்பே சொன்னது. பிறகு எஞ்சின் உச்சத்தை நெருங்கியபோது, அதன் இரைச்சலுக்கு மேலே, பல்லைக் கூசவைக்கும் மெல்லிய விசில் ஒன்று கேட்டது. கோடு படுத்துவிட்டது. விசில் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. கார் அடங்கிய பிறகும் அது அவள் காதுக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

"கேட்டீங்களா?"

"பாடுது. எங்க ஊர்லயும் பாடும்" என்றார் ஃபெர்டி.

"அங்க கடல் பக்கத்துல காத்து கனமா இருக்கு அண்ணே. இங்க மெலிசு. இங்க அதே ரெண்டைக் காட்டணும்னா அது இன்னும் வேகமா சுத்தணும். அழுத்தம் காட்டற முள் அதே இடத்துலதான் நிக்கும். முள்ளுக்கு மேடு தெரியாது."

"அதெல்லாம் தாள்ல. நான் ரெண்டு வருஷமா ஓட்டறேன்."

தாளும் அவளிடம் இருந்தது. அந்த டர்போவுக்கான வரைபடம். கடலில் ஒரு தீவை வரைந்ததுபோல் வளையத்துக்குள் வளையம். ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு கோடு. டர்பனின் இரண்டை அவள் அதில் புள்ளி வைத்துப் பார்த்திருந்தாள். கடைசிக் கோட்டின் உள்பக்கம், ஒட்டியபடி விழுந்தது. இங்கத்திய இரண்டு கோட்டைத் தாண்டி வெறும் வெள்ளையில் விழுந்தது. அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. உடையும் என்று எழுதியிருந்தால்கூடக் காட்டியிருக்கலாம். செய்தவர்களே போய்ப் பார்க்காத இடம், அவ்வளவுதான்.

ஒருவேளை ஒன்றும் ஆகாமலும் போகலாம். அதுதான் அவளை அரித்தது. வெளியாட்கள் வந்து கேட்டால் அவள் தாளைக் காட்டுவாள், இரண்டு முறை சொல்வாள், பிறகு அவர்கள் இஷ்டம் என்று போட்டுக் கொடுப்பாள். அப்படிக் கொடுத்திருக்கிறாள். இப்போது மறுப்பது தாளா, தாயா? ஜேடீனுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்த்தவள்தானே இவள். அந்த விரல்தான் இப்போது விசைப்பலகையின் மேல் நின்று மறுக்கிறதோ. அப்படியானால் பாக்ஸ்பர்க்காரன் எழுதியது உண்மை. ஓட்டுகிறவள் மகள், ஆனால் கார் அம்மாவின் பயத்தில் ஓடுகிறது. இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அதைவிடக் கேவலம் வேறென்ன?

அவள் தன் பயத்தை நம்பவில்லை. ஆகவே இன்னொரு தடவை ஓட்டச் சொன்னாள்.

இந்த முறை அவள் திரையைப் பார்க்கவில்லை. அவர்கள் முகங்களைப் பார்த்தாள். டென்வர் காரின் மூக்குக்கு நேரே, கைகளைக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் நிற்பதுபோல் நின்றான். ஜேடீன் காலை அழுத்தினாள். விசில் எழுந்தது. ஃபெர்டி பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, நகர்ந்தார்.

கொஞ்சம்தான் நகர்ந்தார். காரின் முன்பக்கத்திலிருந்து விலகி, பக்கவாட்டில், கேஸ் சிலிண்டர்கள் இருந்த மூலைக்குப் போனார். தூசியெல்லாம் சுழன்று வந்து விழுவது அந்த மூலையில்தான். பட்டறையில் வேறு யாரும் அங்கே நிற்பதில்லை. அவர் கண்களைச் சுருக்கிக்கொண்டு, வாயில் போன மணலைத் துப்பிக்கொண்டு, அங்கேயே நின்றார். கார் அடங்கியதும் பழைய இடத்துக்கு வந்தார்.

போன முறையும் அங்கேதான் நின்றார். அதற்கு முந்தின முறையும்.

டர்போவின் சக்கரம் சிதறினால் துண்டுகள் நாலா பக்கமும் பறப்பதில்லை. சக்கரம் சுழலும் தளத்திலேயே பறக்கும், வட்டரம்பம் உடைந்தால் பறப்பதுபோல. இந்தக் காரில் அந்தத் தளம் முன்னும் பின்னுமாக நிற்கிறது. முன்னே டென்வரின் நெஞ்சு. மேலே பானெட். பின்னே, விரல் தடிமன்கூட இல்லாத ஒரு தகடு. தகட்டுக்கு அந்தப்பக்கம் ஓட்டுகிறவளின் முழங்கால்களும் வயிறும்.

"அண்ணே, ஏன் அங்க போய் நிக்கறீங்க?" என்றாள் ரோஸெல்.

"எங்க?"

"சிலிண்டர்கிட்ட."

"காத்து அடிக்குதுல்ல."

"காத்து அந்தப் பக்கம்தான் அண்ணே அடிக்குது."

ஃபெர்டி தன் சட்டையைப் பார்த்தார். தோளெல்லாம் மஞ்சளாக இருந்தது. அவர் அதைத் தட்டினார். சிரிக்கப் பார்த்தார். அவர் பொய் சொல்லவில்லை என்று ரோஸெலுக்குப் பட்டது. அவருக்கே தெரியாது. அவர் வாய் இரண்டு வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. கால்கள் வேறெதையோ நினைவில் வைத்திருந்தன.

டென்வர் கட்டியிருந்த கைகளைப் பிரித்தான். காரின் மூக்கைப் பார்த்தான். ஒரு அடி விலகினான். விலகியது யாருக்கும் தெரியக் கூடாது என்பதுபோல் உடனே பேசினான்.

"ஒரே ஒரு ஓட்டம் ரோஸ். நாளைக்கு ஒரு தடவை. அப்புறம் கழட்டி அண்ணன்கிட்டயே குடுத்துடலாம்."

"ஜெர்மிஸ்டன்ல எனக்கு ஒரு சிநேகிதன் இருக்கான்" என்றார் ஃபெர்டி. "உனக்கு மனசு வரலைன்னா விடு தங்கச்சி. பூட்டை மட்டும் எடுத்துக் குடு. எண்ணை அவன் போட்டுக்குவான். பாவம் உன் கையில ஒட்டாது."

ஜேடீன் கவசத்தைக் கழற்றினாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அவள் ஃபெர்டியைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை.

"மம்மி. அவங்க கேக்கலை. நான் கேக்கறேன்." குரல் தணிந்திருந்தது. "இந்த ஒண்ணு மட்டும் குடு. இதுக்கு மேல உன்னை எதுவுமே கேக்க மாட்டேன்."

அது உண்மை என்று ரோஸெலுக்குத் தெரிந்தது. இவள் இனி கேட்க மாட்டாள். சாயங்காலம் சமையலறையில் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து அன்றைய கோடுகளைப் பற்றிப் பேச மாட்டாள். வேறொரு பட்டறை, வேறொரு கணினி, வேறு யாரோ. அந்த வெறும் ஸ்டூல் ரோஸெலுக்கு இப்போதே தெரிந்தது. சூடான இரும்பு ஆறும்போது எழும் டிக் டிக் சத்தம் பானெட்டுக்கடியில் கேட்டது. அரைவாசி இறக்கிய பக்கக் கண்ணாடியில் இருந்த வெள்ளை இரண்டின் வழியாக மகளின் முகம் பாதி தெரிந்தது.

ரோஸெல் எழுந்து காருக்குப் போனாள். ஜன்னல் வழியாகக் கையை விட்டாள். ஜேடீன் அம்மாவின் கையைப் பார்த்து, ஒரு கணம், நம்பிக்கையோடு நிமிர்ந்தாள்.

கை அவள் முழங்காலைத் தாண்டிப் போய், கம்பியைச் செருகியிருந்த இடத்திலிருந்து பிடுங்கியது.

"மாட்டேன்மா" என்றாள் ரோஸெல். "எண்ணும் தர மாட்டேன். பூட்டையும் எடுக்க மாட்டேன்."

பிறகு கம்பியை முழங்கையில் சுற்றத் தொடங்கினாள், அவசரமில்லாமல், முறுக்கு விழாமல்.