அப்பாவின் டப்பாவில் என் கரி

ரைஸ்மில்லில் கொட்டும் உமியைக் கரியாக்கி, நீராவி பாய்ச்சி மறுபடி சுட்டால், கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். கரியமில வாயு அவற்றில் மாட்டிக்கொள்ளும். இதுதான் என் ஆராய்ச்சி. அப்பா நாராயணபெருமாளுக்கு இது கேலிக்கூத்து.

"கரி சுடவா மக்ளே உன்ன காலேஜுக்கு அனுப்புனேன்? உங்க அம்மை தினமும் அடுப்புல சுடுதாளே."

திங்கட்கிழமை என் கைடு ஜாஸ்பின் மேடம் முன்னால் சோதனை. கரி வாயுவைப் பிடிக்காவிட்டால் வேறு தலைப்பு, மறுபடி முதலிலிருந்து. லேபில் வைத்தால் யாராவது கை வைத்துவிடுவார்கள் என்று பயந்து, கரி பாட்டிலைப் பூதப்பாண்டியில் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்திருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாட்டிலைத் திறந்தால் கரி கொரகொரவென்று இருந்தது. மாவு போல இழைத்த என் கரி இதுவல்ல. குழாயடியில் அப்பா வாயெல்லாம் கறுப்பாகப் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். பேஸ்ட் அவருக்கு ஆகாது. உமிக்கரியும் உப்பும்தான்.

"எங் கரிய எடுத்தியளா?"

"எடுத்தேன். நல்ல நைஸா இருந்துது. பதிலுக்கு நம்ம உமிக்கரிய நிறைச்சு வச்சிருக்கேனே. அடுத்தவங்க பொருள சும்மா எடுப்பேனா?"

ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. "நாளைக்கு அத வச்சுதான் சோதனை. மிச்சம் எங்க?"

"என் பல்பொடி டப்பால. உப்பு போட்டாச்சு." நான் அழுவதைப் பார்த்ததும் அப்பாவின் குரல் இறங்கிவிட்டது.

உப்புதானே, தண்ணீரில் கரையும். அப்பா வெந்நீர் போட்டார். நான் கரியைத் துணியில் கட்டிக் கழுவக் கழுவ, வடிந்த தண்ணீரை நாக்கில் தொட்டு, "இன்னும் உப்பு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உப்புச் சுவை போகும்வரை என்னை விடவில்லை. காய வைத்தபோது கோழி விரட்டவும் அவரே உட்கார்ந்தார்.

மறுநாள் லேபில், வாயுவை அளக்கும் மெஷினில் கரியைப் போட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் நினைத்ததைவிட நன்றாகவே பிடித்தது. மேடம் இதையே தொடரச் சொல்லிவிட்டார். உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"பிடிச்சுதுப்பா. நல்லாவே பிடிச்சுது."

"பிடிக்காம? என் பல்லுக்கு நேத்தே தெரிஞ்சாச்சு."

மூன்று வருடத்தில் அவர் என் கரியைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதை ரசிக்க அவர் நேரம் தரவில்லை.

"அந்த மேடத்துக்கிட்ட எல்லாத்தையும் குடுத்திராத மக்ளே. இங்க டப்பா காலியா கிடக்கு."