ரிவர்சில் ஓட்டச் சொன்ன சீட்டு

வீராசாமியின் கையெழுத்து எனக்கு என் கையெழுத்தைவிட நன்றாகத் தெரியும். அவர் எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தை எட்டு வருஷமாக ஒரு பால் பவுடர் டின்னில் போட்டு, ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான். மறந்துவிடு என்று சொன்னவர்கள் எல்லாரும் நல்லவர்கள். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

எங்கள் பிழைப்பு சைக்கிள் சுற்றுவது. ஊர் நடுவில் ஒரு களத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, ஏழு நாள் கால் தரையில் படாமல் அதற்குள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பாடு, குளியல், கண்ணசருவது எல்லாம் சைக்கிள் மேலேயே. என் வீட்டுக்காரர் தாமோதரன் ஓட்டுவார், நான் மைக் பிடிப்பேன். விடிந்ததிலிருந்து அடங்குகிறவரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் கூட்டம் கலைந்துவிடும்.

கூட்டத்தில் இருக்கிறவர்கள் சீட்டு எழுதி அனுப்புவார்கள். இந்தப் பாட்டுப் போடு, என் பேரைச் சொல், கையை விட்டு ஓட்டச் சொல், குடத்தைத் தலையில் வைத்து ஓட்டச் சொல். "வந்த சீட்டு ஒண்ணு விடாம படிப்போம்" என்று அந்தக் காலத்தில் பெருமையாக மைக்கில் சொல்வேன். படித்தால் அவர் செய்தாக வேண்டும். ஒரு நாளைக்கு எழுபது, எண்பது சீட்டு வரும். நான் படித்துத் தள்ளுவேன், அவர் செய்து மாய்வார். யாருக்கு எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்க்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை.

தொண்ணூற்றொன்றில் உத்திரமேரூரை அடுத்து ஏரியோரம் இருக்கும் ஓர் ஊருக்குப் போனோம். வீராசாமி அந்த ஊர்ப் பெரிய நிலக்காரர். மைக் செட்டுக்குக் கரண்டே அவருடைய மோட்டார் கொட்டகையிலிருந்துதான் வந்தது. முதல் நாளே நான் ஒரு தப்புச் செய்தேன். சீட்டுகளை வந்த வரிசையில் படிக்கிறேன் என்று, டீக்கடைக்காரர் பேரை முதலில் சொல்லி, வீராசாமி பேரை இரண்டாவதாகச் சொல்லிவிட்டேன். அவர் அதை மனதில் வைத்துக்கொண்டார். ஆறாம் நாள் வரை வாயே திறக்கவில்லை.

ஆறாம் நாள் தாமோதரனின் கணுக்கால் இரண்டும் இட்லிப் பானை போல வீங்கியிருந்தன. அப்போதுதான் அந்தச் சீட்டு வந்தது. "இரண்டு கையும் விட்டு, பெடலைப் பின்னால் மிதித்து, வண்டியை ரிவர்சில் ஓட்ட வேண்டும். வீராசாமி." படித்தேன். என் வாயால்தான் படித்தேன். தாமோதரன் வட்டத்திலிருந்தபடியே முடியாதென்று கையை ஆட்டினார். வீராசாமி எழுந்து வந்து மைக்கை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"சீட்டு வந்தா செஞ்சே ஆவணும். அதான் சட்டம். முடியலன்னா எறங்கி வூட்டுக்குப் போ. கரண்ட புடுங்கிடுவேன்."

தாமோதரனுக்கு வேறு வழி தெரியவில்லை. ஹேண்டில்பார் மேல் ஏறி, முதுகை முன்பக்கம் காட்டி உட்கார்ந்து, கையை விட்டு மிதித்தார். அதுவாவது ரிவர்ஸ் மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தார் போல. அரைச் சுற்றுத்தான் வந்தார். களத்தோரக் கல்லில் மோதி விழுந்தபோது முட்டி உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. வீராசாமி கையில் மைக் இன்னும் இருந்தது. "காலு மண்ணுல கீது! காலு மண்ணுல கீது! அவுட்டு!" என்று நான்கு ஒலிபெருக்கிக் குழாயிலும் கேட்கக் கத்தினார். சிரித்தார். கூட்டமும் கூடச் சேர்ந்து சிரித்தது.

அன்றைக்கு மடங்காமல் போன முட்டி இன்றைக்கும் மடங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு தாமோதரன் ஒன்று சொன்னார்.

"அந்தாளு ஜென்மத்துல சைக்கிள் ஏறனவன் இல்ல பாஞ்சாலி. பின்னால மிதிச்சா வண்டி எங்கனா பின்னால போவுமா? செயின் சும்மா கரகரன்னு சுத்தும், அவ்ளோதான். வாடக சைக்கிள் எடுத்து ஒரு நாள் ஓட்டன சின்னப் புள்ளைக்குக் கூட இது தெரியும்."

சொல்லிவிட்டு அவர் மறந்துவிட்டார். நான் அந்தச் சீட்டை எடுத்துப் பத்திரப்படுத்தினேன்.

அதன் பிறகு தாமோதரன் மைக் செட் பக்கம் உட்கார்ந்துகொண்டார். எங்கள் மகள் சந்தியா வளர்ந்து சைக்கிள் ஏறினாள். நானும் தொழில் செய்கிற விதத்தை மாற்றிக்கொண்டேன். சீட்டுப் போடப் பாட்டுக்கு ஒரு டின், பேருக்கு ஒரு டின், வித்தைக்கு ஒரு டின். பேரெல்லாம் சாயங்காலம் ஒரே தடவை. வித்தை ஒரு நாளைக்கு ஐந்துதான், அதுவும் சந்தியா தலையாட்டினால்தான். மதியம் இரண்டு மணி நேரம் நான் வாய் திறக்க மாட்டேன், பாட்டுத்தான் ஓடும். இதற்கும் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? "பாட்டு அதிகம், பேச்சுக் குறைவு" என்று சீட்டு வரும். "அம்மா குரல் தகரத்தைத் தேய்க்கிற மாதிரி இருக்கிறது, வேறு ஆள் போடவும்" என்றுகூட ஒருவன் எழுதினான். அதையும் மைக்கில் படிப்பேன். "எம் பொண்ணுக்கு இருக்கறது ரெண்டு காலு, எனக்கு இருக்கறது ஒரு தொண்ட. ஏழு நாளைக்கு வரணும் சாமி" என்று பதில் சொல்வேன். சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

தொண்ணூற்றொன்பதில் அதே ஊரிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். தாமோதரன் வேண்டாம் என்றார்.

"பழச நோண்டாத. வுடு. பொண்ணு ஓட்டற வண்டி."

"அதுக்குத்தான் போறேன்" என்றேன். இந்தத் தடவை கரண்டை நம்பவில்லை. இரண்டு பேட்டரி வாடகைக்கு எடுத்து வண்டியில் ஏற்றினேன்.

வீராசாமிக்கு மீசை நரைத்திருந்தது, மற்றபடி அதே ஆள். முதல் நாளே நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்தார். எங்கே போனாலும் அவருடைய பண்ணையாள் முனியன்தான் சைக்கிள் மிதிப்பார், இவர் பின்னால் கேரியரில் ஏறிக்கொள்வார். எட்டு வருஷம் முன்னாலும் அப்படித்தான் வந்தார், அப்போது நான் அதை யோசித்துப் பார்க்கவில்லை. தாமோதரன் காலை இழுத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நீ அந்த நொண்டி சைக்கிள்காரன் பொண்டாட்டிதான? இந்த வாட்டி பொண்ண ஏத்திட்டியா? தோ பாரு, எம் பேரு மொதல்ல வரணும்."

"மொதல்ல வரும் அய்யா" என்றேன். நான்கு நாளும் அவர் பேரைத்தான் முதலில் படித்தேன், பட்டம் பதவி எல்லாம் சேர்த்து. அவருக்கு மனசு குளிர்ந்துபோனது.

ஐந்தாம் நாள் மதியம் முனியன் சீட்டுக் கொண்டுவந்தார். பிரித்தேன். "பெண் இரண்டு கையும் விட்டு, பெடலைப் பின்னால் மிதித்து, வண்டியை ரிவர்சில் ஓட்ட வேண்டும்." பெண் என்று சேர்த்ததைத் தவிர எட்டு வருஷத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. இந்த மனுஷன் இன்னும் சைக்கிளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

சந்தியா வட்டத்தில் வந்துகொண்டிருந்தாள். அப்பாவுக்கு வீங்கியிருந்த அதே இடத்தில் அவளுக்கும் வீங்கியிருந்தது. சீட்டில் என்ன என்று கண்ணால் கேட்டாள். நீ ஓட்டிக்கொண்டே இரு என்று சைகை காட்டிவிட்டு மைக்கை எடுத்தேன். சீட்டை நிறுத்தி நிதானமாக இரண்டு தடவை படித்தேன். சைக்கிள் கடைப் பக்கம் நின்றிருந்த பையன்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் பெண்கள் பக்கம்.

"இந்த வித்த எங்களுக்குத் தெரியாதுங்க" என்றேன். "பின்னால மிதிச்சா முன்னாலயும் போவாம பின்னாலயும் போவாம நிக்கற வண்டிதான் எங்களாண்ட கீது. அய்யாவுக்குத் தெரிஞ்சிருக்கு. அதனால ஏழாம் நாளு சாயங்காலம் எம் பொண்ணுக்கு மால போடறதுக்கு முந்தி, அய்யா அவுரு கையால ஒரு சுத்து ஓட்டிக் காட்டணும். வேணும்னு நெனைக்கறவங்க சீட்டு எழுதுங்க. இந்த ஒரு விஷயத்துக்கு எத்தினி சீட்டு வந்தாலும் நான் படிக்கறேன்."

வீராசாமி முதலில் மரியாதை என்றே நினைத்து மீசையைத் தடவினார். பிறகு முகம் மெதுவாக மாறியது.

சீட்டுக் கொட்டியது. மூன்று டின்னும் நிறைந்து, தாமோதரனின் துண்டை விரித்துப் போட்டு வாங்கினேன். சிகரெட் அட்டையில், பள்ளிக்கூட நோட்டுத் தாளில், பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில். மதிய ஓய்வை விட்டேன். இரண்டு நாள் தண்ணீரைக் குடித்துக் குடித்து ஒவ்வொன்றாகப் படித்தேன். எட்டு வருஷம் சேர்த்துவைத்த தொண்டை எனக்கு. சந்தியா நிம்மதியாகச் சுற்றினாள், அவளிடம் யாரும் ஒரு வித்தையும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் முனியன் தனியாக வந்தார்.

"அய்யா சொல்லச் சொன்னாரும்மா. ஓட்டறதெல்லாம் வாணாமாம். மால மட்டும் போடறாராம்."

"சீட்டு வந்தா செஞ்சே ஆவணும்னு சட்டம் போட்டதே அவருதான்னு சொல்லுங்க. இல்லன்னா, தெரியாதுன்னு மைக்குல சொல்லிட்டுப் போவச் சொல்லுங்க. நான் வுட்டுடறேன்."

முனியன் போகவில்லை. "முப்பது வருசமா நான் மிதிக்கறேன், அவுரு பின்னால குந்திக்கினு மெதுவா போடா, வேகமா போடான்னு சொல்லிக்கினே வர்றாரு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கு எழுதத் தெரியாது. எனக்கும் ஒரு சீட்டு எழுதிப் போடும்மா. பேரு மட்டும் வாணாம்."

எழுதிப் போட்டேன். அன்று சாயங்காலம் படித்த முதல் சீட்டு அதுதான்.

ஏழாம் நாள் நான்கு மணிக்குக் களத்தில் நிற்க இடமில்லை. பக்கத்து ஊர்க்காரர்களெல்லாம் பஸ் ஏறி வந்திருந்தார்கள். வீராசாமி வராமல் இருந்திருக்கலாம். ஆனால் வராவிட்டால் நாற்காலி காலியாக இருக்கும், அதை ஊரே பார்க்கும். சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். வந்ததும் மோட்டார் கொட்டகைக்கு ஆள் அனுப்பினார். கரண்ட் போனது. தாமோதரன் வயரை எடுத்துப் பேட்டரியில் மாட்டினார். ஒரு வார்த்தை கூட விட்டுப்போகவில்லை.

வீராசாமி கையில் ஒரு சைக்கிளைக் கொடுத்து வட்டத்தின் நடுவில் நிறுத்தினேன். சந்தியா அவரைச் சுற்றி வந்துகொண்டே இருந்தாள், அவளுக்கு இன்னும் அரை மணி நேரம் பாக்கி. டின்னிலிருந்து பழைய சீட்டை எடுத்தேன். மடிப்பில் கிழிந்து நான்கு துண்டாகத் தொங்கியது.

"இது தொண்ணூத்தொண்ணுல அய்யா எழுதன சீட்டு. இத செய்யப் போய்த்தான் என் வூட்டுக்காரரு கால் போச்சு. செய்யாத சீட்டு எங்களாண்ட இது ஒண்ணுதான் பாக்கி. அய்யா முடிச்சிக் குடுப்பாரு."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. வீராசாமி ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டார். பெடலை மிதிக்கவில்லை. இரண்டு காலும் தரையில் ஊன்றியிருந்தன. ஹேண்டில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடியது.

"முனியா, வந்து புடிடா."

முனியன் குழாய் கட்டிய புளியமரத்தடியில் நின்றிருந்தார். கேட்காதவர் போல மேலே குழாயைப் பார்த்தார்.

நான் மைக்கில், சத்தம் போடாமல், சொன்னேன். "காலு மண்ணுல கீது அய்யா."

கூட்டத்தில் யாரோ அதைத் திருப்பிச் சொன்னார்கள். பிறகு பத்துப் பேர். பிறகு களம் முழுக்க. என் பக்கம் குனிந்த அவர் முகம் வேர்த்துக் கொட்டியது. எனக்குப் பாவமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

"மானத்த வாங்காதம்மா" என்றார் மெல்ல. "வுட்டுடு. எனக்கு ஓட்டத் தெரியாது."

எனக்கு மட்டும் கேட்கச் சொன்னது அது. இடுப்போரம் தாழ்த்தியிருந்த மைக்கை நான் அணைக்கவில்லை, ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து அது குழாயில் ஏறியிருக்கக் கூடாது. ஏறியது. நான்கு குழாயிலும், மூச்சு வாங்குகிற சத்தத்தோடு, ஏரிக்கரை வரை கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பழசை நோண்டாதே என்று சொன்ன தாமோதரன் மைக் செட் முன்னால் உட்கார்ந்திருந்தார். மடங்காத காலை நீட்டி வைத்திருந்தார். சத்தம் ஏற்றும் திருகு அவர் விரலில் கடைசி வரை திரும்பியிருந்தது.

"பாஞ்சாலி" என்று அங்கிருந்தே கத்தினார். "கோடிக் குழாயில சரியா வுழல. அய்யாவ இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லு."

மைக்கை எடுத்து வீராசாமியின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன்.